பாட்டிக்கு எந்த வண்ணம்?

புக்கிட் மேராவில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ரெட்ஹில் பெருவிரைவு ரயில் நிலையத்திற்கு அருகில் அவர்களுடைய அடுக்குமாடி வீடு. மலாய் மொழியில் ‘புக்கிட்’ என்றால் குன்று. ‘மேரா’ என்றால் சிவப்பு. ‘ரெட்ஹில்’ என்ற ஆங்கிலப் பெயரும் அதே பொருளைத்தான் தருகிறது.

அந்த வீட்டுப் பாட்டிக்கு வயது எழுபதுக்கு மேல். காலையில் எழுந்ததும் தமிழ் முரசு படிப்பார். தைப்பூசத்தன்று பால்குடம் எடுப்பார். அவர் வைக்கும் மிளகு ரசத்திற்காகவே உறவினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுவார்கள். ஆனால், பாட்டி பிறந்தது ஒரு சீனக் குடும்பத்தில். கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு தமிழ்த் தம்பதியர் அவரைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

குடும்பம் கற்பனைதான்; இத்தகைய நிகழ்வு கற்பனை அன்று. போர்க்காலத்திலும் அதை அடுத்து வந்த ஆண்டுகளிலும் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் வறுமையில் வாடிய சீனக் குடும்பங்கள் சில, தங்கள் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்களுக்கும் மலாய்க் குடும்பங்களுக்கும் தத்துக் கொடுத்தன. உங்கள் அண்டை வீட்டிலோ உறவிலோகூட அப்படி ஒரு பாட்டி இருக்கலாம்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் பேத்திக்குக் குடும்ப வரலாறு பற்றிய ஓர் ஒப்படைப்பு. தாளும் பேனாவுமாகச் சமையலறைக்கு வந்தாள்.

“பாட்டி, உங்களை எந்த இனம்னு எழுதறது?”

“ரசத்தைக் குடிச்சுப் பார்த்துட்டு எழுதும்மா.”

பேத்தி சிரித்தாள். ஆனாலும் அவளுக்கு ஓர் ஐயம். சிறு குழாயில் உமிழ்நீரை அனுப்பினால், நம் மூதாதையர் எங்கெங்கிருந்து வந்தவர்கள் என்பதை வண்ணப் படமாக வரைந்து அனுப்பும் நிறுவனங்கள் உண்டு என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். அப்படிப்பட்ட படத்தில் பாட்டிக்கு எந்த வண்ணம் கிடைக்கும்? அவளுக்கு எத்தனை வண்ணங்கள் கிடைக்கும்?

இதற்கு விடை காண, அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் டிஎன்ஏ எனப்படும் நீண்ட இழை உள்ளது. ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் என்று அதைச் சொல்லலாம். பெற்றோர் ஒருவரிடமிருந்து நமக்கு வரும் நூலில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கும். எந்த இரண்டு மனிதர்களின் நூல்களை ஒப்பிட்டாலும் பெரும்பாலான எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். ஆயிரம் எழுத்துகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் வேறுபாடு தென்படும். மூதாதையரைத் தேடுவோருக்கு அந்தச் சிறு வேறுபாடுகளே தடயங்கள்.

ஆனால், ஒரே ஒரு தடயத்தை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஒருவர் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்கிறார். அந்த ஒரு சொல்லைக் கொண்டு அவரைச் சிங்கப்பூர்த் தமிழர் என்று சொல்லிவிட முடியுமா? அவர் மலேசியராக இருக்கலாம். இங்கே சில ஆண்டுகள் வேலை செய்த மதுரைக்காரராகவும் இருக்கலாம். அவர் ஒரு மணி நேரம் பேசுவதைக் கேட்டால், நூற்றுக்கணக்கான சொற்களும் ஒலிப்புமுறையும் சேர்ந்து ஓரளவு தெளிவைத் தரும். டிஎன்ஏவிலும் இப்படித்தான். ஓர் இடத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து, ஒரு மக்கள்கூட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேரிடமும் வேறொரு கூட்டத்தில் முப்பது பேரிடமும் காணப்படலாம். ஒரு கூட்டத்துக்கு மட்டுமே சொந்தமான எழுத்துகள் மிகச் சிலவே. பல்லாயிரக்கணக்கான இடங்களை ஒன்றாகக் கணக்கிடும்போதுதான் பொதுவான போக்கு தெரியவருகிறது.

அவ்வளவு பெரிய கணக்கை மனிதர் கையால் போட முடியாது. 2000ஆம் ஆண்டில் ஜோனத்தன் பிரிச்சர்ட், மேத்தியூ ஸ்டீஃபன்ஸ், பீட்டர் டோனலி ஆகிய மூவர் ‘ஸ்ட்ரக்சர்’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். 2009இல் ‘அட்மிக்ஸர்’ என்ற மற்றொரு மென்பொருள் வந்தது. அது இதே வகைக் கணக்கை மிக விரைவாகச் செய்தது. இந்த மென்பொருள்களிடம் யார் எந்த இனம் என்று நாம் சொல்வதில்லை. “இந்த மனிதர்களின் எழுத்துகளை எத்தனை மூதாதையர் குழுக்களாகப் பிரிக்கலாம்?” என்பதற்கு மட்டும் ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். மூன்று என்று கொடுத்தால், மென்பொருள் மூன்று குழுக்களை அமைக்கும். பிறகு, ஒவ்வொரு மனிதரின் டிஎன்ஏவிலும் எந்தக் குழுவின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடும்.

விடை எண்களாக வரும். எண்களைப் படமாக்குவது அடுத்த வேலை. நோவா ரோசன்பர்க் 2004இல் வெளியிட்ட ‘டிஸ்ட்ரக்ட்’ அதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள். அது வரையும் படத்தில் ஒவ்வொரு மனிதரும் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு. ஒரு குழுவுக்கு ஒரு வண்ணம். ஒருவருக்கு இரண்டு குழுக்களின் பங்கு இருந்தால் அவருடைய கோட்டில் இரண்டு வண்ணங்கள் இருக்கும். எத்தனை வண்ணங்கள் இருந்தாலும் மொத்தம் 100 விழுக்காடு. இப்படி நூற்றுக்கணக்கான கோடுகளை நெருக்கி அடுக்கினால், நெசவாளர் விரித்துப்போட்ட கோடு போட்ட துணியைப் போல் படம் காட்சியளிக்கும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். எந்தக் குழுவுக்கு எந்த வண்ணம் என்பதை மென்பொருளை இயக்குபவர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கிறார். உயிரணுவுக்குள் நீலமும் இல்லை, செம்மஞ்சளும் இல்லை.

இன்னொரு வகைப் படமும் உண்டு. அதில் ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. டிஎன்ஏ எழுத்துகள் மிகுதியாக ஒத்திருப்பவர்களின் புள்ளிகள் அருகருகே விழும். ஒத்திராதவர்களின் புள்ளிகள் விலகி விழும். 2009இல் வெளியான சிங்கப்பூர் மரபணு வேறுபாட்டு ஆய்வில் சீனர் 96 பேர், மலாய்க்காரர் 89 பேர், இந்தியர் 83 பேர், ஆக 268 பேர் இடம்பெற்றனர். அவர்களைப் புள்ளிகளாக வரைந்தபோது மூன்று கூட்டங்கள் தெரிந்தன. சீனர் கூட்டமும் மலாய்க்காரர் கூட்டமும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தன. இந்தியர் கூட்டம் அவற்றிலிருந்து சற்று விலகி இருந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2019இல், 4,810 சிங்கப்பூரர்களின் முழு டிஎன்ஏவையும் படித்த ஆய்வு வெளிவந்தது. அதில் இந்தியர் 1,127 பேர். ஏறத்தாழ 9.8 கோடி இடங்களில் வேறுபாடுகள் கண்டறியப்பட்டன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.

இந்தப் படங்களைப் பார்த்தவுடன், “பார்த்தீர்களா, இனங்கள் தனித்தனிதான்!” என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

குழுக்களின் எண்ணிக்கையைக் கொடுப்பவர் மனிதர் என்று பார்த்தோம் அல்லவா? 2002இல் உலகின் 52 மக்கள்கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரை ரோசன்பர்க்கும் அவருடைய குழுவினரும் ஸ்ட்ரக்சர் மென்பொருளால் ஆராய்ந்தார்கள். எண்ணை ஐந்து என்று கொடுத்தபோது, வந்த குழுக்கள் பெரும்பாலும் உலகின் பெரும் நிலப்பகுதிகளை ஒத்திருந்தன. ஆறு என்று கொடுத்தபோது ஆறாவது வண்ணம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? பாகிஸ்தானின் வடக்கே மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும், சில ஆயிரம் பேரே கொண்ட கலாஷ் மக்களுக்கு! அவர்கள் தனி இனம் என்பது அதற்குப் பொருளன்று. சிறு கூட்டமாக நெடுங்காலம் தனித்து வாழ்ந்து, தங்களுக்குள்ளேயே மணம் புரிந்துகொண்டதால் அவர்களுடைய எழுத்துகளின் விகிதம் மற்றவர்களிடமிருந்து விலகிப்போயிற்று. மென்பொருள் அந்த விலகலைத்தான் கண்டது.

இந்தியர்களின் நிலையும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரின் மூன்று சமூகங்களை மட்டும் எடுத்து, எண் மூன்று என்று கொடுத்தால், இந்தியருக்குப் பெரும்பாலும் ஒரே வண்ணம் கிடைக்கும். அதே மனிதர்களை வேறு மக்களோடு சேர்த்து வேறு முறையில் ஆராய்ந்தால் கதை மாறுகிறது. ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் ரைக்கும் அவர்களுடைய குழுவினரும் இந்தியாவின் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்தியப் பெருநிலத்தின் பெரும்பாலான சமூகங்கள் இரண்டு பழைய மக்கள்கூட்டங்களின் கலப்பால் உருவானவை என்று அவர்கள் கண்டார்கள். வடக்கிலும் தெற்கிலும், எல்லாச் சாதிகளிலும் அந்தக் கலப்பு இருந்தது; பங்குதான் கூடவோ குறையவோ செய்தது. பின்வந்த ஆய்வுகள் இப்படத்தை மேலும் நுணுக்கமாக்கின. ஆக, ஒரு படத்தில் ‘ஒரே வண்ணத்தவர்’ இன்னொரு படத்தில் ‘கலப்பினர்’ ஆகிவிடுகிறார். மனிதர் மாறவில்லை; கேள்விதான் மாறியது.

ஒரே மாதிரியான படத்துக்கு வேறு வேறு கதைகளும் இருக்கலாம். டேனியல் லாசனும் இரு துணை ஆய்வாளர்களும் 2018இல் இதை விளக்கினர். கணினியில் மூன்று கற்பனை மக்கள்கூட்டங்களை உருவாக்கினார்கள். முதல் கூட்டம் அண்மைக்காலத்தில் உண்மையிலேயே கலந்தது. இரண்டாம் கூட்டம், ஆய்வில் இடம்பெறாத வேறொரு கூட்டத்தோடு கலந்தது. மூன்றாம் கதையில் நடந்தது வேறு. அங்கே ஒரு கூட்டத்தின் மக்கள்தொகை திடீரெனச் சுருங்கியது. மூன்று கதைகளையும் மென்பொருளிடம் கொடுத்தபோது, ஏறக்குறைய ஒரே கோட்டுப் படம் வந்தது! படத்தை மட்டும் பார்த்து வரலாறு சொல்பவரின் நிலை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒப்பிடுவதற்கு யார் யாரை எடுத்துக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். 2015இல் பிரிட்டன் மக்களைப் பற்றி வெளியான புகழ்பெற்ற ஆய்வில், பாட்டி தாத்தா நால்வரும் ஒருவருக்கொருவர் 80 கிலோமீட்டர் தொலைவுக்குள் பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய வட்டார வேறுபாடுகளைக் காண அது நல்ல வழி. ஆனால், அந்த நிபந்தனையை நம் புக்கிட் மேரா வீட்டுக்கு வைத்தால் யாரும் தேறமாட்டார்கள். உலக ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘ஆயிரம் ஜீனோம்’ தொகுப்பில் தமிழர் என்று தனியாகக் குறிக்கப்பட்டிருப்பவர்கள் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். தஞ்சாவூர்க்காரரையும் அவர்களோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. உமிழ்நீரைப் பெற்றுப் படம் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் ஒப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது வாடிக்கையாளரின் விழுக்காடு மாறுவதற்கும் இதுவே காரணம். புதிதாக யாரும் உமிழ்வதில்லை!

அப்படியானால் இந்த மென்பொருள்களால் பயனே இல்லையா? அப்படிச் சொல்வது தவறு. கேள்வி சரியாக அமைந்தால் அவை அருமையான விடைகளைத் தரும். நம் நாட்டுப் பெரனாக்கான் சீனர்களை எடுத்துக்கொள்வோம். சீன வணிகர்கள் இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவான சமூகம் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. சிலர் அதை மறுத்தும் பேசினர். 2021இல் வெளியான ஆய்வில் சிங்கப்பூர்ப் பெரனாக்கான்கள் 177 பேரின் டிஎன்ஏ ஆராயப்பட்டது. சராசரியாக ஏறத்தாழ 5.6 விழுக்காடு மலாய் மூதாதையர் பங்கு இருந்தது. ஆண் மூதாதையரா, பெண் மூதாதையரா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள், ஆணுக்கு ஒன்றே. எனவே, எக்ஸ் குரோமோசோமில் மலாய்ப் பங்கு கூடுதலாக இருந்தால், மலாய் மூதாதையரில் பெண்களே மிகுதி என்று பொருள். ஆய்வின் முடிவும் சீன ஆண்கள், மலாய்ப் பெண்கள் என்ற பக்கமே சாய்ந்தது. பாட்டிமார் சொன்ன கதை பொய்யில்லை.

தமிழருக்கும் இத்தகைய உறவுச் சமூகம் ஒன்று உண்டு. மலாக்காவுக்கு வணிகம் செய்யப்போன தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்ததால் உருவானவர்கள் மலாக்கா செட்டிகள். வீட்டில் மலாய் பேசுவார்கள். கோயிலில் இந்துக் கடவுளரை வழிபடுவார்கள். லிட்டில் இந்தியாவில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018இல் அவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியே நடத்தியது.

இனிப் பாட்டியிடம் வருவோம். பாட்டியின் கோட்டை வரைந்தால், பெரும்பாலும் சீனக் குழுவின் வண்ணம் மட்டுமே இருக்கும். அவருடைய கணவரும் மருமகனின் பெற்றோரும் தமிழ்நாட்டு வம்சாவளியினர் என்று வைத்துக்கொள்வோம். பேத்திக்குப் பாட்டியின் பங்கு கால்பாகம், அதாவது 25 விழுக்காடு வர வேண்டும். ஆனால், சரியாக 25 வருவதில்லை. தாயார் தம் பெற்றோரிடமிருந்து பெற்ற இரண்டு படிகளைத் துண்டு துண்டாக மாற்றிச் சேர்த்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறார். அந்தச் சேர்க்கை ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும். பேத்திக்கு 22 விழுக்காடும் அவளுடைய தம்பிக்கு 28 விழுக்காடும் வரலாம். ஒரே பெற்றோருக்குப் பிறந்த இருவரின் கோடுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

எந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது என்பதையும் வரைந்து காட்டலாம். 2013இல் வெளியான ‘ஆர்எஃப்மிக்ஸ்’ போன்ற மென்பொருள்கள் முழு மனிதருக்கு ஒரு கோடு வரைவதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு குரோமோசோமையும் பகுதி பகுதியாக வண்ணமிடுகின்றன. ஒரு குரோமோசோமில் பாதிவரை ஒரு வண்ணம், அதன்பின் மற்றொரு வண்ணம் என்று படம் அமையும். இது வெறும் வேடிக்கைப் படம் அன்று. ஒரு மருந்தைக் கொண்டு அதன் பயனைப் பார்ப்போம்.

கார்பமசெபின் என்பது வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. பெரும்பாலோருக்கு நல்ல பயன் தரும். மிகச் சிலருக்கு மட்டும் தோலும் வாயின் உட்பகுதியும் கொப்புளித்து உரிந்துபோகும் கொடிய விளைவை அது ஏற்படுத்துகிறது, உயிரே போகலாம். இதன் காரணத்தை 2004இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். பாதிக்கப்பட்டு அவர்கள் ஆய்வில் இடம்பெற்ற 44 நோயாளிகளிடமும் எச்எல்ஏ-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. ஒருவர்கூட விதிவிலக்கில்லை. இந்த வகை சீனர், மலாய்க்காரரிடையே அதிகம், இந்தியரிடையே குறைவு, ஐரோப்பியரிடையே மிக அரிது. 2016இல் எடுத்த ஒரு கணக்கின்படி, உலகில் நடைபெற்ற பெரும் மரபணு ஆய்வுகளில் பங்கேற்றோரில் 81 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை மட்டும் பார்த்திருந்தால் இப்படியோர் ஆபத்து கண்ணில் பட்டிருக்குமா?

பேத்தியும் தம்பியும் அதிகாரபூர்வப் பதிவுப்படி இந்தியர்கள். ‘இந்தியருக்குக் குறைவு’ என்று எண்ணி மருந்தைக் கொடுத்துவிடலாமா? பாட்டியிடம் அந்த மரபணு வகை ஒரு படியாக இருந்தால், பேரப்பிள்ளை ஒருவருக்கு அது வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அந்த மரபணு இருப்பது ஆறாம் குரோமோசோமில். அங்கே கால்பாகம் என்ற பேச்சே இல்லை. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. 28 விழுக்காடு பெற்ற தம்பிக்கு அந்த இடம் தாத்தாவிடமிருந்து வந்திருக்கலாம். 22 விழுக்காடே பெற்ற அக்காவுக்குப் பாட்டியிடமிருந்து வந்திருக்கலாம். கோட்டில் வண்ணம் குறைவு என்பதற்காக ஆபத்தும் குறைந்துவிடாது. பகுதி பகுதியாக வண்ணமிட்ட படம் அந்த இடம் யார் வழியாக வந்தது என்பது வரை சொல்லும். பாட்டியிடமிருந்து வந்த படியில் அந்த வகை உள்ளதா, இல்லையா என்பதை நேரடிச் சோதனையே சொல்லும்.

சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டிலிருந்து, கார்பமசெபின் மருந்தைப் புதிதாகத் தொடங்கவிருக்கும் ஆசிய வம்சாவளி நோயாளிகளுக்கு முன்கூட்டியே அந்த மரபணுச் சோதனையைச் செய்வது வழக்கமான சிகிச்சை முறையாகிவிட்டது. சீனரா, மலாய்க்காரரா, இந்தியரா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. புக்கிட் மேரா வட்டாரத்திலேயே, ஊட்ரம் சாலையில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை இருக்கிறது. நம் கற்பனைக் குடும்பத்தில் யாருக்காவது அந்த மருந்து தேவைப்பட்டால், மருத்துவர் முதலில் சிறிதளவு இரத்தம் எடுக்கச் சொல்வார். சோதனை முடிவு வந்த பிறகுதான் மருந்துச் சீட்டை எழுதுவார்.

பேத்தி தன் ஒப்படைப்பில் பாட்டிக்காக ஒரு கோடும் தனக்காக ஒரு கோடும் வரைந்து வண்ணம் தீட்டினாள். படத்தின் கீழே, பாட்டியைத் தத்தெடுத்தவர்களின் பெயர்களையும் அவர்களுடைய ஊரையும் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். கோட்டில் அவர்களுக்கு வண்ணம் இல்லை. ‘இனம்’ என்ற கட்டம் இன்னும் காலியாக இருந்தது. ரசம் கொதித்து மணம் வந்ததும், தாளை ஓரமாக வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்தாள்.